மாற்றுப்பாதை பலகை வைக்கிறார்கள், எவ்வளவு உயர வண்டி போகும் என்று எழுதுவதில்லை (சேலம் சுற்று வட்டார லாரி ஓட்டுபவர்கள் பார்க்கவும்)

சங்ககிரி ஸ்டீயரிங்

வணக்கம். 19 வருடமாக லாரி ஓட்டுகிறேன். இப்போது கையில் இருப்பது 32 அடி கன்டெய்னர் பாடி, தரையிலிருந்து மேல் தகடு வரை 13 அடி. போன வியாழன் இரவு நடந்ததைச் சொல்கிறேன், இது எனக்கு மட்டும் நடப்பதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

வாழப்பாடி வட்டத்தில் ஒரு ஆலையில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டைப் பிடிக்க வந்துகொண்டிருந்தேன். மணி பதினொன்று இருக்கும். வழியில் சிறுபாலம் வேலை, குறுக்கே பேரிகார்டு, மணல் மூட்டை, ஒரு அம்புக்குறி, ‘மாற்றுப்பாதையில் செல்லவும்’. அவ்வளவுதான். கேட்க ஆள் இல்லை. முன்னால் போன காரும் டெம்போவும் திரும்பின, நானும் திரும்பினேன். இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு, ஒரு வண்டி போகிற தார் ரோடு, எதிரில் பைக் வந்தாலே அவர்தான் மண்ணில் இறங்க வேண்டும். ஒன்றரை கிலோமீட்டர் போனதும் ரயில்வே சப்வே. அதற்கு முன்னால் மஞ்சள் கறுப்புப் பட்டை அடித்த இரும்புக் கம்பி, அதில் 3.60 மீட்டர் என்று எழுதியிருந்தது. என் வண்டி 3.96. ஒரு அடிக்கு மேல் வித்தியாசம், டயர் காற்றை இறக்கிக் கடக்கிற கணக்கே இல்லை.

திருப்ப இடமில்லை. பின்னால் ஒரு டாரஸ் லாரி வந்து நின்றுவிட்டது. அவர் முதலில் ரிவர்ஸ் எடுத்தால்தான் நான் எடுக்க முடியும். கிளீனர் தம்பி டார்ச் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான், ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் கிணற்றுச் சுவர். ஒன்றரை கிலோமீட்டரைப் பின்னாலேயே ஓட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. கிணற்றுச் சுவர் ஓரம் வந்தபோது அவன் குரல் நடுங்கியது, அது இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் கம்பியில் உயரம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதைப் படிக்கிற இடத்தில் படித்து எனக்கு என்ன பயன்? அதே எண்ணைத் திரும்புகிற முக்கில் எழுதியிருந்தால் நான் திரும்பியே இருக்க மாட்டேன். நான் கேட்பது அது ஒன்றுதான்.

அம்மாபேட்டைக்காரன்

அண்ணா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் தெருவில் இருப்பவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆடிப் பண்டிகை வந்தால் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் சாலையை மூடி வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு லாரி எங்கள் தெருவுக்குள் வந்துவிடும். போன தடவை வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி ஒன்று நாலு வீட்டு சர்வீஸ் ஒயரை இழுத்துக்கொண்டே போனது. என் தங்கைக்கு மறுநாள் தேர்வு, இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. அறுந்த ஒயர் தெருவில் கிடந்தது, குழந்தைகள் நடமாடுகிற தெரு. அந்த டிரைவர் இறங்கிப் பார்க்கக்கூட இல்லை.

பாடி 13 அடி என்றால் பரவாயில்லை, அதற்கு மேல் நாலு அடி பாரம் கட்டிக்கொண்டு வருவதற்கு யார் அனுமதி கொடுத்தது? பலகை வைத்தாலும் அவர் பார்த்திருப்பாரா?

சங்ககிரி ஸ்டீயரிங்

தம்பி, அந்த வைக்கோல் வண்டிக்காரர் செய்தது தப்பு. ஒயர் அறுந்தால் நிறுத்தி, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். நான் அவருக்காகப் பேசப்போவதில்லை. ஆனால் என் வண்டி சட்டப்படியான உயரம். சட்டப்படியான வண்டியை அது போகவே முடியாத வழியில் அம்புக்குறி போட்டு அனுப்புவதுதான் என் வருத்தம்.

ஓய்வு பெற்ற ஓவர்சீயர்

நெடுஞ்சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உயரக் கணக்கை முதலில் சரியாகப் பார்ப்போம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் சரக்கு வண்டியின் உயரம் 3.8 மீட்டராக இருந்தது, 2020-ல் 4 மீட்டராக உயர்த்தினார்கள். அடியில் சொன்னால் 13 அடி ஒன்றரை அங்குலம். கப்பலில் வருகிற கன்டெய்னரை ஏற்றும் ட்ரெய்லருக்கு 4.52 மீட்டர் வரை உண்டு, கிட்டத்தட்ட 15 அடி. தேசிய நெடுஞ்சாலையில் மேம்பாலம் கட்டும்போது கீழே 5.5 மீட்டர் விட வேண்டும் என்பது வழக்கம், அதாவது 18 அடி. அதனால்தான் கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி பைபாஸில் போகிறவருக்கு உயரம் என்ற நினைப்பே வருவதில்லை. பெரிய சாலை அவரை அப்படிப் பழக்கியிருக்கிறது. அங்கிருந்து ஒரு அம்புக்குறி அவரைக் கிராமச் சாலைக்குள் தள்ளினால், பதினெட்டு அடியில் இருந்து பன்னிரண்டு அடிக்கு ஒரே நிமிடத்தில் வந்துவிடுகிறார். எச்சரிக்கை அந்த இடத்தில்தான் தேவை.

ரயில்வே கேட்டுகளை எடுத்துவிட்டுக் கட்டிய சப்வேக்கள் பல, கார், டிராக்டர், சின்ன வண்டிகளை மனதில் வைத்துக் கட்டியவை. முன்னால் நிற்கிற அந்த இரும்புக் கம்பி பாலத்தைக் காப்பதற்கு. உயர வண்டி நேராகப் பாலத்தில் மோதினால் கர்டர் நகரும், மேலே தண்டவாளம் விலகும், அடுத்த ரயிலுக்கு ஆபத்து. அதனால் கம்பியைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் அதை வளைத்துவிட்டுப் போக நினைக்கவும் கூடாது.

மின்மயமான பாதையில் கேட் இருந்தால் அங்கே உயரக் கம்பி 4.67 மீட்டரில் நிற்கும். சாதாரண லாரிக்குக் கவலை இல்லை. 4.52 கன்டெய்னருக்கு மிச்சம் இருப்பது அரை அடி. சாலையில் ஒரு மேடு, ஸ்பிரிங்கில் ஒரு துள்ளல், அந்த அரை அடி போய்விடும். அதற்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட்.

மாற்றுப்பாதை வழியிலும் குறிப்பிட்ட வகை வண்டிகளைத் தடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 115-வது பிரிவு. ஒரு மாதத்துக்கு மேல் என்றால் அரசிதழில் வெளியிட வேண்டும், ஒரு மாதத்துக்குள் என்றால் உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். ஆக, பத்து நாள் சிறுபால வேலைக்கு ‘3.5 மீட்டருக்கு மேல் உள்ள வண்டிகள் இந்த வழியில் வேண்டாம்’ என்று முக்கில் எழுதி வைக்கப் பெரிய நடைமுறை எதுவும் தேவையில்லை. வேலை தொடங்கும் முன் யாராவது ஒருவர் அந்த வழியை முழுக்க ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பைக்கில் பார்த்தால் தெரியாது, டேப் எடுத்துக்கொண்டு இறங்கிப் பார்க்க வேண்டும். நான் வேலையில் இருந்த காலத்தில் இதை எல்லா இடத்திலும் செய்தோம் என்று சொல்ல மாட்டேன். செய்யாமல் விட்ட இடங்கள் உண்டு, இப்போது அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மலைக்காப்பி

ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். எங்களுக்கு உயரத்தோடு நீளமும் சேர்ந்த பிரச்சினை.

அடிவாரத்திலிருந்து ஏறுகிற மெயின் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. அது மூடினால் எங்களுக்கு இருப்பது கொட்டச்சேடு வழியாகக் குப்பனூர் இறங்குகிற சாலை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சாலையில் மண் சரிந்தபோது என்ன பாடு பட்டோம் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். கோடை விழா நாட்களிலும் அடிவாரம் வழியாக ஏறிக் குப்பனூர் வழியாக இறங்கச் சொல்வார்கள், அது கார்களுக்கு நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் மலைக்கு வருவது கார் மட்டுமா? சிலிண்டர், சிமெண்ட், செங்கல், அரிசி எல்லாம் லாரியில்தான் வர வேண்டும். இறங்கும்போது சில்வர் ஓக் மரம், காப்பி, மிளகு. குப்பனூர் வழியில் மரக்கிளைகள் சாலைக்கு மேல் கவிந்திருக்கின்றன. தினமும் பஸ் போகிற சாலையில் கிளைகள் பஸ் உயரத்துக்குத் தானாகவே ஒடிந்து ஒரு குகை மாதிரி ஆகிவிடும், அதற்கு மேல் உயரமான வண்டி வந்தால் எல்லாம் தகட்டில்தான். அதோடு சாலை வளைவில் உள்பக்கம் சாய்ந்திருக்கும். சாலை சாய்ந்தால் லாரியின் மேல் மூலை மலைப்பக்கம் சாயும். டேப் வைத்து அளந்தால் 14 அடி இருக்கிற கிளை, சாய்ந்த லாரிக்கு 13 அடியிலேயே மாட்டும்.

ஒரு மழை நாள். மெயின் ரோடு மூடியிருந்தது. கீழே யாரும் தடுக்காததால் ஒரு உயரமான கன்டெய்னர் லாரி குப்பனூர் வழியாக ஏறி ஒரு வளைவில் குறுக்காக நின்றுவிட்டது. மேல் மூலை கிளையில் மாட்டியிருந்தது, பின் சக்கரம் வாய்க்காலில். டிரைவர் வடநாட்டுப் பையன், அழுகிற நிலையில் இருந்தான். அன்றைக்குப் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு அம்மாவுக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் லாரிக்கு இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு லாரிக்கும் பாறைக்கும் இடையில் இருந்த சந்தில் நடந்தோம், நானும் பிடித்தேன். தாயும் பிள்ளையும் நலம். மழையில் அந்தச் சந்தில் காலை ஊன்றி ஊன்றி வைத்ததை நான் மறக்கவே மாட்டேன்.

ஒரு சாலை மூடினால் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று என்கிற ஊரில், அந்த ஒன்றையும் அடைக்கக்கூடிய வண்டியை அடிவாரத்திலேயே நிறுத்த வேண்டும். லாரிக்காரர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர்கள் வராவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது.

ஓய்வு பெற்ற ஓவர்சீயர்

மலைக்காப்பி சார் சொன்ன நீளத்துக்கு ஒரு கணக்கு. மலைச்சாலைக்கான தரத்தில் கொண்டை ஊசி வளைவின் உள்வட்ட ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும். இருவழி மாநிலச் சாலை என்றால் வளைவு முனையில் அகலம் 11.5 மீட்டர், சிறிய சாலைகளுக்கு 7.5 போதும் என்று விட்டிருக்கிறார்கள். அதாவது சிறிய சாலையின் வளைவே சிறிய வண்டிக்குத்தான் போட்டது. பெரிய சாலைக்கு மாற்றாக அதைக் காட்டும்போது இந்த வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

ரூட் பார்க்கும் ராசிபுரத்தான்

எல்லாரும் பலகை பலகை என்கிறீர்கள், இப்போது பாதிப் பேர் போனைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்கள். தொப்பூர் கணவாயில் விபத்து நடந்து வண்டிகள் நின்றால் போன் உடனே மேச்சேரி பக்கம் ஏதோ ஒரு வழி காட்டும். கூகுள் மேப்பில் கார், பைக் என்று தேர்ந்தெடுக்கலாம், வண்டியின் உயரத்தைப் போட இடம் இல்லை. காருக்கான வழியைத்தான் லாரிக்கும் காட்டுகிறது. வெளி மாநில டிரைவருக்குத் தமிழ்ப் பலகையும் படிக்கத் தெரியாது. அதனால் எழுத்து மட்டும் போதாது, அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் மேலும் கீழும் முக்கோணம் போட்டு நடுவில் எண் இருக்கிற குறியீட்டையே வைக்க வேண்டும். அது எந்த ஊர்க்காரருக்கும் புரியும்.

இன்னொன்று. பலகையில் மீட்டர், நம் ஆட்கள் பேசுவது அடி. 3.6 மீட்டர் என்று பார்த்ததும் ‘பதிமூணு அடி இருக்கும் போலிருக்கு’ என்று நினைத்துப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது 12 அடிகூட இல்லை.

நாமக்கல் பாடி பில்டர்

பாடி கட்டுகிற பட்டறை என்பதால் இதைச் சொல்கிறேன், டிரைவர்கள் கவனிக்கவும்.

ஆர்.சி.யில் இருக்கிற உயரத்தை நம்பாதீர்கள். டயர் மாற்றினால், பட்டை ஸ்பிரிங் கூடுதலாகப் போட்டால், மேலே ஏணி, ஸ்டெப்னி, தார்ப்பாய்ச் சுருட்டு வைத்தால் உயரம் மாறும். காலி வண்டி பாரம் ஏற்றிய வண்டியைவிட இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்து நிற்கும். போகும்போது பாரத்தோடு தாண்டிய இடத்தில் திரும்பும்போது காலியாக வந்து மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறார்கள், மேல் தகடு மீன் டப்பா திறந்த மாதிரி சுருண்டிருக்கும். ஆகவே காலியாக, சமதரையில், டயரில் முழுக் காற்றோடு அளக்க வேண்டும். பாரம் கட்டினால் கட்டிய பிறகு மறுபடியும் அளக்க வேண்டும்.

நீளமான வண்டிக்கு இன்னொரு ஆபத்து. சப்வே எப்போதும் பள்ளத்தில் இருக்கும். முன் சக்கரம் எதிர் ஏற்றத்திலும் பின் சக்கரம் இந்தப் பக்க இறக்கத்திலும் நிற்கும்போது வண்டியின் நடுப்பகுதி பள்ளத்தில் இறங்காமல் மேலேயே நிற்கும். அதே உயரமுள்ள சின்ன லாரி நுழைந்த சப்வேயில் நீள வண்டி நுழையாது. முன்னால் போனவன் போய்விட்டானே என்று பின்னால் போகாதீர்கள்.

அப்புறம், தார் மேல் தார். பழைய தாரைச் சுரண்டாமல் புதுத் தார் போட்டால் ஒவ்வொரு முறையும் பாலத்துக்கும் சாலைக்கும் நடுவே உயரம் குறைகிறது, பலகையில் பழைய எண்ணே இருக்கும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். உங்கள் ஊரில் சாலை போடும்போது நின்று பாருங்கள்.

அம்மாபேட்டைக்காரன்

இந்த விவரம் எனக்குத் தெரியாது. எங்கள் தெருவிலும் சாலை உயர்ந்துகொண்டேதான் இருக்கிறது, வாசற்படி இரண்டு மூழ்கிவிட்டது. அப்படியென்றால் ஒயர் தாழ்ந்ததாக நினைத்த இடத்தில் சாலை உயர்ந்திருக்கிறது என்றும் சொல்லலாம். தெருவுக்குக் குறுக்கே போகும் மின்கம்பி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

ஓய்வு பெற்ற ஓவர்சீயர்

குறைந்த மின்னழுத்தக் கம்பி தெருவைக் குறுக்கே கடந்தால் 5.8 மீட்டர், 19 அடி. 11,000 வோல்ட் கம்பி என்றால் 6.1. உங்கள் தெருவில் ஒரு லாரி உரசுகிறது என்றால் ஒன்று பாரம் அதிகம், இல்லை கம்பி தொய்ந்திருக்கிறது, இல்லை சாலை ஏறியிருக்கிறது. உலர்ந்த குச்சியைக்கூட வைத்து அளக்கப் போகாதீர்கள் தம்பி. மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள், அவர்கள் வந்து அளக்கட்டும். பண்டிகைக்குக் கட்டுகிற சீரியல் விளக்கு வளைவுகளையும் பாருங்கள், மாற்றுப்பாதை தெருவில் அதையே தாழ்வாகக் கட்டிவிடுவார்கள்.

சங்ககிரி ஸ்டீயரிங்

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் காலியாக நிறுத்தி அளந்தேன். 13 அடி என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது 13 அடி 2 அங்குலம், அதாவது 4 மீட்டருக்கு அரை அங்குலம் கூட. மேலே பழைய தார்ப்பாய் ஒன்று கிடந்தது, அதை எடுத்துவிட்டேன், இப்போது சரியாக இருக்கிறது. கண்ணாடிக்கு மேலே கேபின் உள்பக்கம் அடியிலும் மீட்டரிலும் பெயிண்டால் எழுதியாயிற்று. கிளீனர் தம்பிதான் எழுதினான்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய் மனு கொடுத்தேன். அன்றைக்குப் பின்னால் நின்ற டாரஸ் டிரைவரும் வந்து கையெழுத்துப் போட்டார். இரண்டே வரி: மாற்றுப்பாதை பிரிகிற இடத்திலேயே அந்த வழியின் மிகக் குறைந்த உயரத்தை எழுத வேண்டும், அதற்கு மேல் உள்ள வண்டிகளுக்கு வேறு எந்த வழி என்றும் எழுத வேண்டும். காற்றாலை இறக்கை ஏற்றுகிற வண்டிக்கு முன்கூட்டியே ஆள் போய் வழியெல்லாம் அளக்கிறார்கள். எங்களுக்கு அந்த அளவு வேண்டாம், ஒரு எண் போதும். ரசீது கொடுத்திருக்கிறார்கள்.

திரும்பும்போது அந்த முக்கு வழியாகவே வந்தேன். அங்கே டீக்கடை வைத்திருக்கிற அக்கா அன்று இரவு நடந்ததைக் காலையில் கேள்விப்பட்டு, சிலேட்டுப் பலகையில் சாக்பீஸால் ‘பதினொன்றரை அடிக்கு மேல் லாரி போகாது’ என்று எழுதி அம்புக்குறிக்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டிருக்கிறார். மழை பெய்தால் அழிந்துவிடும், அழிந்தால் மறுபடி எழுதுகிறேன் என்றார். நான் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மலைக்காப்பி

அந்த அக்காவுக்கு எங்கள் மலையிலிருந்து ஒரு கிலோ காப்பித்தூள் அனுப்ப வேண்டும், முகவரி தனிச்செய்தியில் கேட்கிறேன். குப்பனூர் பக்கம் கிளை வெட்டச் சொல்லி நாங்களும் எழுதிக் கொடுத்தோம். இந்த வாரம் யாராவது லாரியில் அந்த வழியாக வந்தால் எந்த இடத்தில் உரசுகிறது என்று இங்கே போடுங்கள், பட்டியல் போட்டுக் கொடுக்கிறோம்.

ரூட் பார்க்கும் ராசிபுரத்தான்

நாளை மறுநாள் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு வருகிறேன், என் வண்டி திறந்த பாடி, கேபினோடு 10 அடிதான். எனக்கு உரசாது. இருந்தாலும் கேபின் மேலே 13 அடி வருகிற மாதிரி ஒரு மூங்கில் குச்சியைக் கட்டிக்கொண்டு வருகிறேன். மின்கம்பி இருக்கிற ஊர்ப் பகுதியில் கழற்றிவிட்டு, மரம் மட்டும் இருக்கிற இடத்தில் மாட்டுகிறேன். எங்கெங்கே கிளை தட்டுகிறது என்று கூட வருகிற பையன் கிலோமீட்டர் கல்லோடு குறித்துக்கொள்வான்.